ஜப்பானியர் கண்டுபிடித்தவற்றில் நாம் தினமும் பயன்படுத்துவது எது?

கிருஷ்ணகிரியில் மாம்பழம் விற்கும் தள்ளுவண்டியில், தராசுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடுதான் என் பதில். வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய இது 1994-இல் வெளிவந்தது. பழைய பார்கோடில் சுமார் 20 எழுத்துகளே அடங்கின; இதில் ஏறத்தாழ 7,000 இலக்கங்கள் வரை அடங்கும். மூன்று மூலைகளில் உள்ள சதுரங்களின் நடுவே எந்தத் திசையில் நேர்கோடு இழுத்தாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். அச்சிட்ட தாள்களில் மிக அரிதாகத் தென்படும் விகிதம் எது என்று தேடித் தேர்ந்தெடுத்ததால், குறியீடு எங்கே இருக்கிறது, எப்படித் திரும்பியிருக்கிறது என்பதைக் கருவி நொடியில் கண்டுகொள்கிறது. மாம்பழச் சாறு பட்டுக் கறைபடிந்த அட்டையிலும் பணம் சரியாகப் போய்ச் சேர்வதற்குக் காரணம், தரவோடு பிழைதிருத்தும் குறிப்பும் சேர்த்தே பதியப்படுவதுதான். பிழைதிருத்தத்தை உச்ச அளவில் வைத்தால், குறியீட்டில் சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் மீட்டுவிடலாம். (மூலைச் சதுரமே கிழிந்துவிட்டால் திண்டாட்டம்தான்.) காப்புரிமை கையில் இருந்தும் நிறுவனம் கட்டணம் கேட்காமல் விட்டதால்தான் இது தள்ளுவண்டி வரை வந்தது என்பது என் எண்ணம்.

1955-இல் தோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சார ரைஸ் குக்கரையும், 1958-இல் மோமோஃபுகு ஆண்டோ அறிமுகப்படுத்திய உடனடி நூடுல்ஸையும் பலர் முதலில் சொல்வார்கள். ராகிக் களி கிண்டும் எங்கள் வீட்டில் அவை இரண்டுக்கும் அவ்வளவாக வேலையில்லை.