பிளேஸ்மென்ட்டுக்கு மூணு மாசம்தான், வெளி ட்ரெய்னரை கூப்பிடவா நானே பாத்துக்கவா?

கேள்வி: காலேஜ்ல இங்கிலீஷ் எடுக்கறேன். கடைசி வருஷ பசங்க 60 பேரை கையில கொடுத்து மூணு மாசத்துல கம்யூனிகேஷன் ரெடி பண்ணுங்க மேடம்னு சொல்லிட்டாங்க. கிராமர் டெஸ்ட் நல்லாவே எழுதறாங்க, எழுந்து பேசச் சொன்னா வாயே திறக்கறதில்ல. ஒரு ட்ரெய்னிங் குரூப் ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப் போட்டு எல்லாரையும் பேச வச்சிடறோம்னு வந்து நிக்கறாங்க. ஒத்துக்கலாமா?

பதில்: வேண்டாம் மேடம். இங்கிலீஷ் திறமைய ஏ1ல இருந்து சி2 வரைக்கும் 6 படியா பிரிச்சு வச்சிருக்காங்க இல்லையா, ஒரு படியில இருந்து அடுத்த படிக்கு ஏற சுமாரா 200 மணி நேரம் கத்துக்கணும்னு தேர்வு நடத்தற கேம்பிரிட்ஜ்காரங்களே சொல்றாங்க. ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப்ல, நடுவுல டீ பிரேக் போட்டோ செஷன் எல்லாம் போக என்ன மிஞ்சும்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

இந்த ஆளுங்க எப்படி வேலை பண்ணுவாங்கன்னா, பிரின்சிபால் ரூம்ல டெமோ கொடுக்கறவர் பிரமாதமா பேசுவார், கிளாஸுக்கு வர்றது போன வருஷம் படிச்சு முடிச்ச வேற ஒரு பையன். ஆடிட்டோரியத்துல மொத்தமா உக்கார வச்சு பலூன் கேம், கைதட்டல், நம்மால முடியும்னு ஒரு ஸ்பீச், கடைசியில சர்டிபிகேட். மொத நாள் ஒரு டெஸ்ட், கடைசி நாள் அதே கேள்வித்தாள்ல இன்னொரு டெஸ்ட், பாருங்க சார் எவ்வளவு முன்னேற்றம்னு ஒரு சார்ட். மேனேஜ்மென்ட் கூப்பிட்டே ஆகணும்னு பிடிவாதம் பிடிச்சா ஒரே ஒரு நிபந்தனை போடுங்க: மொத நாளும் கடைசி நாளும் பசங்க பேசறத நாங்களே ரெகார்ட் பண்ணுவோம், கேள்வியும் நாங்கதான் கொடுப்போம். பாதி பேர் அதோட போன் எடுக்க மாட்டாங்க.

இவங்கள விட மோசம், கம்பெனில டை-அப் இருக்கு, பணம் கட்டினா கம்யூனிகேஷன் ரவுண்ட் க்ளியர் ஆயிடும்னு பசங்ககிட்ட நேரா பேசறவங்க. கம்பெனி ஆள் எடுக்கறப்ப கம்ப்யூட்டர்ல வைக்கற வாய்ஸ் டெஸ்ட்டுக்கு வேற ஆள வச்சு பேச வைக்கறவங்களும் இருக்காங்க. நேர்ல வாய் திறந்ததும் குட்டு வெளிப்பட்டுடும், ஆஃபர் போகும், போன பணம் திரும்பாது. இத மொத நாளே கிளாஸ்ல உடைச்சு சொல்லிடுங்க.

சரி, நீங்க என்ன செய்யணும். 50 நிமிஷ பீரியட்ல 60 பேரும் ஒவ்வொருத்தரா எழுந்து பேசினா தலைக்கு ஒரு நிமிஷம்கூட வராது. அதுவே ஜோடி ஜோடியா உக்கார வச்சா ஒரே நேரத்துல 30 பேர் பேசுவாங்க, ஆளுக்கு இருபது நிமிஷமாவது கிடைக்கும். சத்தமா இருக்கும்தான், பக்கத்து கிளாஸ்ல இருந்து கம்ப்ளெயின்ட் வரும், வரட்டும். 4-3-2னு ஒரு முறை 1980கள்ல இருந்தே இருக்கு: ஒரே விஷயத்த ஒருத்தர்கிட்ட 4 நிமிஷம், அடுத்து வேற ஆள்கிட்ட 3, மூணாவது ஆள்கிட்ட 2 நிமிஷத்துல சொல்லணும். என்ன சொல்றதுன்னு தேடற வேலை மொத தடவையே முடிஞ்சிடறதால போகப் போக வாய் தானா ஓடும். நடுவுல புகுந்து கிராமர் திருத்தாதீங்க, காதுல விழற தப்ப குறிச்சு வச்சுக்கிட்டு கடைசி அஞ்சு நிமிஷம் பேர் சொல்லாம போர்டுல போடுங்க.

எதப் பத்தி பேசறதுன்னா அவங்க ப்ராஜெக்ட்டத்தான். என்ன பிரச்சனை, நீ என்ன பண்ணின, எது வேலை செய்யல, எப்படி சரி பண்ணின, அவ்வளவுதான். வாட்சப்ல சுத்தற "மைசெல்ஃப்"னு ஆரம்பிச்சு "குயிக் லேர்னர், ஹார்ட் ஒர்க்கர்"ல முடியற செல்ஃப் இன்ட்ரோவ மனப்பாடம் பண்ண விடாதீங்க. இன்டர்வியூ எடுக்கறவர் காலையில இருந்து அதையேதான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கார், நடுவுல ஒரு கேள்வி கேட்டா பையன் திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிப்பான்.

கம்ப்யூட்டர்ல நடக்கற வாய்ஸ் டெஸ்ட்ல பெரும்பாலும் வாக்கியத்த ஒரு தடவை கேட்டுட்டு அப்படியே திருப்பி சொல்லணும், சின்ன கதையக் கேட்டு சொந்தமா சொல்லணும். நீளமா முழிச்சுக்கிட்டு நின்னா மார்க் குறையும், வேகவேகமா பேசினாலும் கூடாது. வெளிநாட்டு ஆக்சென்ட் சொல்லித் தர்றோம்னு எவனாவது வந்தா அனுப்பிடுங்க, புரியற மாதிரி பேசினா போதும்.

ஒரு விதிவிலக்கு மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க. பேசாத பசங்கள்ல ஒருத்தருக்கு திக்குவாய் இருக்கலாம். இங்கிலீஷ்ல மட்டும் தடுமாறினா பயம், பழக்கமில்லாமை. தமிழ்லயே அதே மாதிரி எழுத்து மாட்டுதுன்னா அது மொழிப் பிரச்சனையே கிடையாது, ஸ்பீச் தெரபிஸ்ட்கிட்ட அனுப்பணும். பத்து பேர் முன்னாடி எழுப்பி விட்டு "மெதுவா பேசு, மூச்ச இழுத்துக்கோ"ன்னு சொல்லாதீங்க, அவங்க வாக்கியத்த நீங்க முடிச்சு வைக்காதீங்க, முடியற வரைக்கும் முகத்தப் பாத்து காத்திருங்க. வாய்ஸ் டெஸ்ட்ல மெஷின் அந்தத் திக்கலயும் தடுமாற்றம்னு எடுத்துக்கும், அதனால அவங்க சம்மதத்தோட பிளேஸ்மென்ட் ஆபீஸ் வழியா முன்னாடியே கம்பெனிக்கு எழுதி வேற ஏற்பாடு கேளுங்க. டெஸ்ட் அன்னிக்கு காலையில போய் சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டாங்க. ஆபீஸ்ல "அதெல்லாம் கேட்டா கம்பெனிகாரன் தப்பா நெனப்பான்"ம்பாங்க, விடாதீங்க.

பேசற பாடத்துக்கு எழுத்துப் பரீட்சை வச்சு மார்க் போடற ஊருல இதெல்லாம் யார் கேக்கப் போறாங்கன்னு தோணும். லாங்வேஜ் லேப்னு ஒண்ணு இருக்கும், இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் திறப்பாங்க. அதுக்காக காத்திருக்காதீங்க, பசங்க போனே போதும், வாரம் ஒரு தடவை 2 நிமிஷம் ரெகார்ட் பண்ணி தானே கேக்கச் சொல்லுங்க.

குரூப் டிஸ்கஷனுக்கு இப்பவே தனி கிளாஸ் வேண்டாம். கடைசி ரெண்டு மூணு வாரம் ஆறு ஆறு பேரா உக்கார வச்சா போதும். இப்பவே ஆரம்பிச்சா ஏற்கனவே பேசத் தெரிஞ்ச நாலு பேர்தான் பேசிக்கிட்டு இருப்பாங்க.