மகஜரில் சாட்சிக் கையெழுத்து போடலாமா?

அம்பாசமுத்திரம் பக்கம் வயல் மோட்டார் திருட்டில் போலீஸ் உங்களிடம் மகஜரில், அதாவது சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவில், சாட்சிக் கையெழுத்து கேட்கிறது, போடலாமா என்கிறீர்கள். தாராளமாகப் போடலாம், வெற்றுத்தாளில் மட்டும் வேண்டாம். பார்வை மகஜர் இடத்தின் நிலையைச் சொல்வது, கூடவே மாதிரி வரைபடமும் இருக்கும். கைப்பற்றிய பொருளுக்குத் தனி மகஜர். அறுத்த வயரும் கட்டிங் பிளேயரும் எங்கே, எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டன என்பது சரியாக இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். குறுக்கு விசாரணையில் வக்கீல் கை வைப்பது இந்த நேரக் கணக்கில்தான்!

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவுப்படி, கைப்பற்றுவதையும் சாட்சிகள் கையெழுத்திடுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், செல்போனே போதும். அப்புறம் பொருள் படிவம் 95-உடன் நீதிமன்றம் போகும். தடயவியல் நிபுணர் வருவது 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் கட்டாயம்.