பெரிய கப்பலா, சிறிய கப்பலா: குடும்பத்துடன் போக எது ஏற்றது?

கேள்வி கேட்டவர் தந்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: சிங்கப்பூரிலிருந்து மூன்று நான்கு இரவுப் பயணம், எழுபதைத் தாண்டிய அம்மாவுக்கு முழங்கால் வலி, கூடவே இரண்டு பிள்ளைகள். பெரிய கப்பல் என்றால் ஒரே நெரிசல், சிறியதில்தான் நிம்மதி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது சரியா என்று கேட்கிறார்.

பாதி சரி. சிங்கப்பூரில் இருப்பதால் ஊரிலிருந்து வரும் உறவினர்களைக் கப்பலில் அழைத்துப் போகும் பொறுப்பு பெரும்பாலும் என் தலையில்தான் விழும். நானும் மனைவியும் தனியாகச் சிறிய கப்பல்களிலும் போயிருக்கிறோம். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கப்பலுக்குள் நெரிசலை நான் பெரிதாக உணர்ந்ததில்லை. பட்ட அவதியெல்லாம் கப்பலை விட்டுக் கரையில் இறங்கும்போதும், திரும்பி ஏறும்போதும்தான். ஆகவே கப்பல் எத்தனை பெரியது என்பதைவிட, அது எந்தத் துறையில் எப்படி நிற்கப்போகிறது என்பதை முதலில் விசாரியுங்கள்.

முதலில் அளவைப் பற்றி. கப்பல்களுக்குச் சொல்லும் மொத்த டன் கணக்கு எடையைக் குறிப்பதன்று. உள்ளே மூடப்பட்ட இடம் எவ்வளவு என்பதற்கான அளவு. ஐகான் ஆஃப் த சீஸ் என்ற பெரிய கப்பல் 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து ஓடத் தொடங்கியது. 365 மீட்டர் நீளம், 20 தளங்கள், 2,48,663 டன். அறைக்கு இருவர் என்று வைத்தால் 5,610 பயணிகள். மேல்படுக்கை, சோபாப் படுக்கை எல்லாம் நிரம்பினால் 7,600 பேர் வரை. ஊழியர்களே 2,350 பேர். கேட்கும்போதே மூச்சு முட்டும். ஆனால் டன்னைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், தலைக்கு 44 வருகிறது.

சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய்வந்த எம்பிரஸ் கப்பலைப் பலர் அறிந்திருப்பீர்கள். 1990இல் கட்டப்பட்டது, 48,563 டன். இருவர் கணக்கில் ஏறக்குறைய 1,600 பேர், அதாவது தலைக்கு 30. ஐகானில் ஐந்தில் ஒரு பங்குதான் இந்தக் கப்பல். ஆளுக்குக் கிடைக்கும் இடமும் இதில்தான் குறைவு. 2015இல் வந்த வைக்கிங் ஸ்டார் ஏறக்குறைய எம்பிரஸின் அளவேதான், 47,842 டன். அதில் ஏறுவது 930 பேர் மட்டுமே, தலைக்கு 51. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை, சூதாட்டக்கூடமும் கிடையாது. இரண்டும் அருகருகே நின்றால் அளவில் பெரிய வித்தியாசம் தெரியாது. உள்ளே போனால் ஒன்றில் திருவிழா, மற்றதில் நூலகம்.

இந்த வகுத்தலை எந்தக் கப்பலுக்கும் நீங்களே போட்டுப் பார்க்கலாம். இரண்டு எண்களும் இணையத்தில் கிடைக்கும். என் அனுபவத்தில் விடை 30ஐ ஒட்டி இருந்தால் நடைவழியில் தோள் உரசும். 40ஐத் தாண்டினால் கவலை இல்லை. 50க்கு மேல் போனால் பணப்பையும் சேர்ந்து இளைக்கும்.

பெரிய கப்பலுக்குள் கூட்டம் வேளை பார்த்துத்தான் வரும். காலை எட்டரை மணிக்கு பஃபே கூடத்துக்குப் போனால், கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்திருப்பதற்கு முன்பே இலைக்குப் பின்னால் வந்து நிற்பார்களே, அந்தக் காட்சிதான். ஏழு மணிக்குப் போனால் ஜன்னலோர மேசை கிடைக்கும், தோசைக்கும் காத்திருக்க வேண்டாம். ஊர் பார்க்கும் நாளில் பாதிக் கப்பல் கரைக்குப் போய்விடும். நீச்சல்குளம் காலியாகக் கிடக்கும். என் சித்தப்பா இதைக் கண்டுபிடித்ததும் பினாங்கில் இறங்கவே மறுத்துவிட்டார். "பினாங்கை எப்போது வேண்டுமானாலும் விமானத்தில் வந்து பார்த்துக்கொள்ளலாம். இந்த வெந்நீர்த் தொட்டி எனக்கு ஒருவனுக்கென்று எப்போது கிடைக்கும்?" என்றார். சித்தி மட்டும் எங்களோடு வந்தார். திரும்பி வந்தபோது சித்தப்பா அதே தொட்டியில், அதே மூலையில் இருந்தார். அவருக்குப் பெரிய கப்பல்தான் ஊர். அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டாவது யோசனையே தேவையில்லை.

ஊர் பார்க்கத்தான் போகிறோம் என்பவர்களுக்குக் கணக்கு வேறு.

கிரேக்கத் தீவான சாண்டோரினியைச் சொல்கிறேன். தீவின் உட்புறக் கரை முழுவதும் செங்குத்தான பாறை. பெரிய கப்பலைக் கட்டி நிறுத்த மேடை கிடையாது. கப்பல் நடுநீரில் நிற்கும், உள்ளூர்ப் படகுகள் வந்து ஆட்களை இறக்கிப் போகும். எங்கள் கப்பலில் எல்லோருடைய சட்டையிலும் எண் எழுதிய காகிதத்தை ஒட்டி நாடக அரங்கில் உட்காரவைத்துவிட்டார்கள். எண்ணைக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு கூட்டமாக எழுந்து போக வேண்டும். படகு கொண்டுபோய் விடுவது பாறையின் அடிவாரத்தில். மேலே ஃபீரா ஊருக்குப் போக மூன்று வழிகள்: கம்பிவடப் பெட்டி, கழுதை, அல்லது ஏறக்குறைய 590 படிகள். பெட்டிகள் ஆறு ஆறாகப் போகும், பெட்டிக்கு ஆறு பேர். காலையில் ஏறுவதாவது பரவாயில்லை, ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார்கள். மாலையில் எல்லாக் கப்பல்காரர்களும் ஒரே நேரத்தில் கீழே இறங்கியாக வேண்டும். வரிசை நிலையத்தை விட்டு வெளியே வந்து, நகைக்கடைச் சந்துக்குள் வளைந்து, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. பொறுமை இழந்தவர்கள் படி வழியாக இறங்கினார்கள். அந்தக் கற்கள் தேய்ந்து பளபளவென்று வழுக்கும். மேலே கழுதைச் சாணம் வேறு. எதிரே கழுதைகள் வரிசையாக ஏறி வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். முழங்கால் வலி உள்ள ஒருவரை அங்கே நினைத்தும் பார்க்க முடியாது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறிய கப்பலில் வந்தவர்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள். பக்கத்தில் நான்கு மலைகள் நங்கூரம் போட்டிருக்கும்போது நாம் வந்தது சிறிய கப்பல் என்பதால் கம்பிவடப் பெட்டி நமக்காகச் சீக்கிரம் வராது. அந்தத் தீவுக்கு ஒரு நாளில் 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணே நிலைமையைச் சொல்லும். டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்தத் தேதியில் அந்தத் துறையில் எத்தனை கப்பல்கள் நிற்கப்போகின்றன என்று பாருங்கள். துறைமுக அட்டவணைகள் இணையத்தில் வெளிப்படையாக இருக்கின்றன. நான் இப்போதெல்லாம் கப்பலின் படங்களுக்கு முன் இதைத்தான் பார்க்கிறேன்.

சிறிய கப்பலின் உண்மையான பலம் பெரியவை நுழைய முடியாத இடங்களில்தான். பயணத் திட்டத்தில் "பாங்காக்" என்று போட்டிருப்பார்கள். பெரிய கப்பல் நிற்பதோ லேம் சபாங்கில், நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். போக வர பேருந்திலேயே பாதி நாள் போய்விடும். சிறிய கப்பலானால் சாவோ பிரயா ஆற்றில் ஏறி நகரத்துக்குள் இருக்கும் க்லோங் தோய் துறைக்கே போக முடியும். "வெனிஸ்" என்று அச்சிட்டு அடைப்புக்குள் ரவென்னா என்று போடுவார்கள். அது வேறு ஊர், இரண்டரை மணி நேரப் பயணம். 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸ் நகரின் ஜூடெக்கா கால்வாய்க்குள் வர இத்தாலி அரசு தடை போட்டதன் விளைவு அது. அண்டார்டிகாவில் 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையில் இறக்கக் கூடாது. இறக்கும் கப்பல்களிலும் ஓரிடத்தில் ஒரே சமயத்தில் 100 பேர்தான். காலபகோஸ் தீவுகளில் கப்பலுக்கே 100 பயணிகள்தான் உச்ச வரம்பு. அங்கெல்லாம் பெரிதா சிறிதா என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், சிங்கப்பூரிலேயே பாருங்கள். ஹார்பர்ஃபிரண்ட் பக்கத்துப் பழைய முனையத்துக்கு 52 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கப்பல் வர முடியாது. செந்தோசாவுக்குப் போகும் கம்பிவடம் தலைக்கு மேலே குறுக்கே போகிறது. 2012இல் மரினா பே முனையம் திறந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சிறிய கப்பலில் நான் மறக்காத காலை சைகோன் ஆற்றில் விடிந்தது. பெரிய கப்பல்கள் ஃபூ மி பக்கம் நின்றுவிடும். அங்கிருந்து ஹோ சி மின் நகரத்துக்குச் சாலை வழியாக இரண்டு மணி நேரம். எங்களுடையது ஆற்றுக்குள்ளேயே போயிற்று. ஐந்தரைக்கு மேல்தளத்தில் பத்துப் பதினைந்து பேர்தான் இருந்தோம். இரண்டு பக்கமும் கைக்கு எட்டும் தூரம் போலச் சதுப்புநிலக் காடு. ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக எதிரே மிதந்து வந்தது. மணல் ஏற்றிய தோணி ஒன்று, தண்ணீர் விளிம்பைத் தொடும் அளவுக்கு அமிழ்ந்தபடி, எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. தோணிக்காரர் பல் துலக்கிக்கொண்டே எங்களை ஏறிட்டுப் பார்த்தார். ஆறு வளையும்போதெல்லாம் நகரத்தின் கோபுரங்கள் ஒரு முறை இடப்பக்கம் தெரிந்தன, மறுமுறை வலப்பக்கம். கப்பல் நின்றது நகரத்துக்குள். காலைச் சிற்றுண்டி முடித்து, ஏணிப்பாலத்தில் இறங்கி, நடந்தே போய் காபி குடித்தோம். எண் ஒட்டவில்லை, அரங்கில் உட்காரவைக்கவில்லை. அந்தக் காலைக்குக் கொடுத்த விலை அதிகம்தான். மறுபடி கேட்டாலும் கொடுப்பேன்.

ஆனால் அந்தக் கப்பலில் உங்கள் பிள்ளைகளை ஏற்றியிருந்தால் இரண்டாம் நாளே கரைக்கு நீந்திப் போயிருப்பார்கள். இரவு ஒன்பதரைக்கு விளக்கணைக்காத குறையாக எல்லாம் அடங்கிவிடும். பியானோ வாசிப்பவர் ஒருவர், சீட்டாடும் பெரியவர்கள் சிலர், அவ்வளவுதான். சைவ உணவுக்காரர்களும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறைய வருவதால் பருப்பும் சாதமும் தட்டில் வந்து விழும். ஐரோப்பியர்களே பெரும்பான்மையாக வரும் சிறிய கப்பலில் முதல் இரவே தலைமைப் பரிமாறுநரிடம் சொல்லிவைத்து, மறுநாளைக்கு வேண்டியதை முன்னிரவே தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. சொன்னால் அருமையாகச் செய்து தருவார்கள். சொல்லாமல் போனால் வேகவைத்த காய்தான்.

குமட்டலைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பெரிய கப்பல் பொதுவாகக் குறைவாகத்தான் ஆடும். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க அடியில் மீன்துடுப்பு போன்ற தகடுகள் இருக்கின்றன. முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவற்றால் தடுக்க முடியாது. மலாக்கா நீரிணை சுமாத்ராவின் நிழலில் இருப்பதால் அங்கே அலை குறைவு. வங்காள விரிகுடா அப்படியில்லை, வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் சிறிய கப்பலில் போவதை நான் தவிர்ப்பேன். பெரிய கப்பலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. உயர்ந்த பக்கச் சுவரில் காற்று மோதும். பலத்த காற்றுள்ள நாளில் துறைக்குள் போவது கடினமாகி, அந்த ஊரையே விட்டுவிட்டுப் போகும் நிலையும் வரும்.

விலையைச் சொல்லும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. பெரிய கப்பலின் விளம்பர விலை நுழைவுச் சீட்டு மாதிரிதான். அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில் சேவைக் கட்டணமே ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 டாலர். பானங்கள், இணையம், சிறப்பு உணவகங்கள் தனி. சிறிய சொகுசுக் கப்பல்களில் இவற்றில் பல விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். அதையும் சேர்த்துக் கூட்டினாலும் பெரியதுதான் மலிவு; விளம்பரத்தைப் பார்த்த உடனே தோன்றும் அளவுக்கு இடைவெளி பெரிதில்லை, அவ்வளவே.

உங்கள் குடும்பத்துக்கு என்னிடம் கேட்டால், பெரிய கப்பல். பிள்ளைகளுக்கு வயதுவாரியாகத் தனித்தனி விளையாட்டுக்கூடம் இருக்கும். பெரும்பாலும் மூன்று வயதிலிருந்து, கழிப்பறை பழகிய குழந்தைகளை எடுத்துக்கொள்வார்கள். அம்மாவுக்காக லிஃப்டுக்கு அருகில், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஒன்றில் அறை எடுங்கள். முன்னூறு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள கப்பலில் கடைசி அறை கிடைத்தால் சாப்பாட்டுக்குப் போய்வருவதே அவருக்கு ஒரு நடைப்பயிற்சி. அறைக்கு நேர் மேலே நடனக்கூடமோ பஃபே கூடமோ இல்லை என்பதைத் தள வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலி இழுக்கும் சத்தம் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். முனையத்தில் சக்கர நாற்காலி வேண்டுமென்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

பினாங்கு மட்டும் போகும் பயணத்தையும் புக்கெட்டைச் சேர்த்த பயணத்தையும் ஒப்பிட்டால், முதலாவதை எடுங்கள். பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹம் துறையில் கரையோடு நிற்கும். இறங்கினால் ஜார்ஜ் டவுன். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போடுகின்றன, படகில் ஏறி இறங்க வேண்டும். அலை சற்று எழுந்தாலும் படகு மேலும் கீழும் ஆடும். அந்த இடைவெளியில் கால் எடுத்துவைப்பது அம்மாவுக்கு வேண்டாத சோதனை. இந்தியக் கடவுச்சீட்டில் வருகிறீர்கள் என்றால், சிங்கப்பூருக்குப் பலமுறை நுழையும் விசா கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் திரும்பும்போது நீங்கள் இரண்டாவது முறையாக நுழைகிறீர்கள்.