டி.வி.க்குள் தி.நகர் போய்வரும் மாமனார்

கேள்வி: என் மாமனாருக்கு 76 வயது. மேற்கு மாம்பலத்தில், லேக் வியூ ரோடு பக்கத்துத் தெரு ஒன்றில், சொந்த வீட்டில் 58 வருடம் வாழ்ந்தவர். 2017இல் வீட்டை விற்றுவிட்டு எங்களோடு நாவலூர் ஃபிளாட்டுக்கு வந்தார். விற்க வேண்டாம் என்று அப்போது சொன்னார், வேறு வழியில்லை. இரண்டு வருடமாக முழங்கால் வலி, அதிகம் வெளியே போவதில்லை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு டி.வி.யில் யூடியூபைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். யாரோ ஒருவர் கேமராவோடு தி.நகர், மாம்பலம் தெருக்களில் பேசாமல் நடந்துகொண்டே இருக்கும் வீடியோக்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஓடும். “இங்கேதான் விறகுத் தொட்டி” (விறகுக் கடை), “இந்த பேங்க் இருக்கிற இடம் அப்போ லெண்டிங் லைப்ரரி” என்று டி.வி.யோடு பேசுகிறார். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருப்பதைப் பார்த்தால் கோபம் வந்து, வீடியோவுக்குக் கீழே ‘நாசமாக்கிவிட்டார்கள்’ என்று எழுதுகிறார். போன மாதம் எங்கள் பழைய தெருவே ஒரு வீடியோவில் வந்தது. வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடி. அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. யூடியூபையே எடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஒரு தடவை நேரில் கூட்டிக்கொண்டு போகலாமா? அது இன்னும் வேதனையாகிவிடுமா?

— பெயர் வேண்டாம், நாவலூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில், யூடியூபை எடுக்காதீர்கள். முழங்கால் வலிக்காரருக்கு வாய்த்திருக்கும் ஒரே வாக்கிங் அது.

நானும் இந்த வீடியோக்களைப் பார்க்கிறவள்தான். நான் பிறந்து வளர்ந்த திருவல்லிக்கேணித் தெருவை ஒருவர் காலை ஆறரை மணிக்கு நடந்து படம்பிடித்திருந்தார். பாட்டி உட்கார்ந்து வெற்றிலை இடித்த திண்ணையைத் தேடினேன். திண்ணையும் இல்லை, வீடும் இல்லை. ஆனால் தெரு வளைகிற இடத்தில், மழைத் தண்ணீர் தேங்கும் அந்தப் பள்ளம் இருந்தது. அப்படியே இருந்தது! ஐம்பது வருடத்தில் எத்தனை தடவை ரோடு போட்டிருப்பார்கள், அதை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. ஒரு பள்ளத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் ஊரில் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் வீடியோவுக்குக் கீழே படித்தால், என்னைப் போல் இன்னும் பத்துப் பேர்.

அங்கே எழுதியிருப்பதைப் பொறுமையாகப் படித்தால் யார் யார் பார்க்கிறார்கள் என்று புரியும். துபாயிலோ டொராண்டோவிலோ இருக்கிறவர் ‘பன்னிரண்டாவது நிமிஷத்தில் வரும் பச்சை கேட்தான் எங்கள் வீடு’ என்று எழுதுவார். சென்னைக்கே வந்திராத வேறு நாட்டுக்காரர் ஒருவர், மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்குகிற மாதிரி இந்தத் தெருச் சத்தத்தைக் கேட்டுத் தூங்குவதாகச் சொல்வார். அடுத்த வாரம் கல்யாணப் புடவை எடுக்கப் போகிறவர், ஆட்டோவை எங்கே நிறுத்தலாம் என்று பார்க்கிறார். நடைபாதையில் கிடக்கும் குப்பையை மட்டுமே பார்த்துவிட்டுத் திட்டிப்போகிறவர் ஒருவர். ‘முன்னைக்கு இப்போ எவ்வளவோ சுத்தம்’ என்று அவரோடு மல்லுக்கு நிற்கிறவர் இன்னொருவர். தெரு ஒன்றுதான். உங்கள் மாமா இவர்களில் யாரோடும் சேர மாட்டார். அவர் துபாயில் இல்லை. அதே சென்னையில்தான் இருக்கிறார், சொந்தத் தெருவிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள். டொராண்டோக்காரருக்கு ‘தூரம்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருக்கிறது. அது கூட இவருக்கு இல்லை.

ஏன் குறிப்பாக நடக்கிற வீடியோ என்று யோசித்திருக்கிறீர்களா? ட்ரோனில் மேலேயிருந்து எடுத்த சென்னையைக் காட்டினால் உங்கள் மாமா ஐந்து நிமிடத்தில் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார். நமக்குத் தெரிந்த ஊர் கால் வேகத்தில்தான் நமக்குள் பதிந்திருக்கிறது. மாவு மிஷின் தாண்டி இடது கை, பிள்ளையார் கோவிலில் ஒரு நிமிஷம், அப்புறம் நேரே. கேமரா அந்த வேகத்தில் போகும்போது அடுத்து என்ன வரும் என்று மனசு ஓரடி முன்னால் ஓடுகிறது. விறகுத் தொட்டி வர வேண்டிய இடத்தில் கண்ணாடிக் கட்டடம் வந்தால், படியென்று நினைத்துக் கால் வைத்த இடத்தில் படி இல்லாத மாதிரி ஒரு அதிர்ச்சி. இன்னொன்று, நடக்கிறவர் பேசுவதில்லை. பேச்சு இல்லாத இடத்தில் பார்க்கிறவர்தான் பேசியாக வேண்டும். உங்கள் மாமா டி.வி.யோடு பேசுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த வீடியோ அவருக்காகக் காலியாக விட்டிருக்கும் இடத்தை அவர் நிரப்புகிறார்.

வயதானவர்களுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவைதான் மற்ற வயதுகளைவிட அடர்த்தியாக நினைவில் நிற்கும் என்பது உளவியல் ஆய்வாளர்கள் பல நாடுகளில் கண்டிருக்கும் விஷயம். உங்கள் மாமாவின் கணக்கில் அது ஏறக்குறைய 1960இலிருந்து 1980 வரை. அந்த மாம்பலத்தை மனசில் வைத்துக்கொண்டு இன்றைய மாம்பலத்தைப் பார்க்கிறார். நடுவில் இருக்கும் நாற்பது வருடத்தில் மெதுவாக நடந்த மாற்றமெல்லாம் அவர் கண்ணெதிரேதான் நடந்தது, ஆனாலும் டி.வி. பார்க்கும்போது எல்லாமே ஒரே ராத்திரியில் நடந்தது போலத் தெரியும்.

கேமரா கொஞ்சம் பொய்யும் சொல்லும். இந்த வீடியோக்களைப் பெரும்பாலும் வைட் ஆங்கிள் லென்ஸில் எடுக்கிறார்கள். தெரு இருப்பதைவிட அகலமாக, நீளமாகத் தெரியும். கூட்டமில்லாத நேரம் பார்த்து எடுத்தால் ரங்கநாதன் தெருவே சாதுவாகத் தெரியும். போதாததற்கு, நம் காது வேண்டாத சத்தத்தை ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது. அதனால் தோண்டுகிற மெஷின் சத்தம் நேரில் கேட்பதைவிட வீடியோவில் பெரிதாக உறைக்கும். இதையெல்லாம் மாமாவுக்குச் சொல்லிவையுங்கள், ‘நாசம்’ கொஞ்சம் குறையலாம்.

மெட்ரோ விஷயத்தில் அவர் கோபம் நியாயமானதே. பனகல் பூங்காவில் ஒரு பகுதியை அடைத்து வைத்ததைப் பார்த்து வயிறு எரியாத மாம்பலத்துக்காரர் உண்டா? ஆனால் அவர் ஒன்றைக் கவனித்தாரா என்று கேளுங்கள். இரண்டாம் கட்ட மெட்ரோ மூன்று தடங்கள், மொத்தம் சுமார் 119 கிலோமீட்டர். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு வருகிற தடம் உங்கள் நாவலூர் வழியாகத்தான் போகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகிற தடத்தில் பனகல் பூங்கா ஒரு நிலையம். இரண்டு தடங்களும் திருமயிலையில் சந்திக்கின்றன. ஆக, உங்கள் வீட்டு வாசலில் ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) தோண்டுவதும் அவர் பழைய பேட்டையில் தோண்டுவதும் ஒரே காரியத்துக்கு. எல்லாம் முடிந்தால், நாவலூரில் ஏறி மயிலாப்பூரில் மாறி பனகல் பூங்காவில் இறங்கலாம். இதைச் சொன்னால் திட்டுவதை நிறுத்துவாரா என்றால், நிறுத்த மாட்டார். அதுவும் சரிதான்.

அவர் குடியிருந்த இடத்துக்கு லேக் வியூ ரோடு என்று ஏன் பெயர் வந்தது என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே எந்த லேக், எந்த வியூ? ஒரு காலத்தில் ஏரி இருந்தது. 1920களில் நகரத்தை மேற்கே விரிக்கத் திட்டம் போட்டபோது அந்த நீண்ட ஏரியை வற்றவைத்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. தியாகராயச் செட்டியார், பனகல் அரசர், டாக்டர் நாயர், நடேசனார் என்று நீதிக்கட்சிப் பிரமுகர்களின் பெயரைத் தெருவுக்கும் பூங்காவுக்கும் வைத்தார்கள். உங்கள் மாமா ஏங்குகிற மாம்பலத்தையே, அவருக்கு முந்தின தலைமுறைக்காரர் ஒருவர், ஏரியைத் தூர்த்துவிட்டார்களே என்று வயிறெரிந்து பார்த்திருப்பார். இதை மாமாவுக்கு ஆறுதலாகச் சொல்லாதீர்கள், எரிச்சல்தான் வரும். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தாத்தாவைப் பார்த்துச் சிரிப்பதை விட்டு ஏரி எங்கே போச்சு என்று அவரிடம் போய்க் கேட்பார்கள்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். வீடியோவைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வீட்டை விற்றதைப் பற்றி ஒரே வரி: ‘விற்க வேண்டாம் என்று அப்போது சொன்னார், வேறு வழியில்லை.’ அந்த வேறு வழியில்லாமை என்ன என்று எனக்குத் தெரியாது. பாகப்பிரிவினையாக இருக்கலாம், கடனாக இருக்கலாம், பிள்ளைகளின் படிப்பாக இருக்கலாம். தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் தினமும் நாலு மணிக்கு உங்கள் ஹாலில் அந்தப் பேச்சுதான் பேசாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. உங்கள் கணவருக்கு அந்த வீடியோ ஏன் இவ்வளவு எரிச்சல் தருகிறது? இரண்டு மணி நேரம் கிரிக்கெட் பார்த்தால் டி.வி.யைப் பிடுங்க வேண்டும் என்று தோன்றியிருக்குமா? அப்பா திரையைப் பார்க்கிறார், மகனுக்கோ தன் முதுகை யாரோ பார்ப்பது போல இருக்கிறது. இதை நீங்கள் அவரிடம் சண்டை மாதிரி கேட்காதீர்கள். படுக்கப் போகும் நேரத்தில், “உங்க அப்பா உங்களைக் குத்திக்காட்டத்தான் பாக்கறார்னு நினைக்கறீங்களா?” என்று மட்டும் கேளுங்கள்.

மனிதர் செத்தால் பத்து நாள் துக்கம் கேட்க ஆள் வரும். 58 வருட வீடு போனதற்கு யார் வந்தார்கள்? பத்திரப் பதிவு முடிந்த அன்றைக்கு ஓட்டலில் டிபன் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பீர்கள், எல்லோரும் செய்வதுதான். அந்த ஐந்து மாடியைப் பார்த்த ராத்திரி அவர் சாப்பிடாமல் படுத்ததை வியாதி என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு ராத்திரி பட்டினி அந்த வீட்டுக்குக் கடன்பட்டதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இதை உண்மையாகவே வியாதி என்று நினைத்த காலமும் இருந்தது. 1688இல் ஜோகன்னஸ் ஹோஃபர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர், ஊர் ஏக்கத்துக்கு ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயரிட்டு நோய்க்கணக்கில் சேர்த்தார். இன்றைக்கு அப்படி யாரும் சொல்வதில்லை. ஆனாலும் சிலவற்றைக் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் சரியில்லாமல், வீடியோ உட்பட எதிலுமே நாட்டமில்லாமல் இருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நாவலூர் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு பொழுது சாய்ந்ததும் ‘வீட்டுக்குப் போகணும், நாழியாச்சு’ என்று கிளம்பினாலும் அப்படியே. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படி எதுவும் தெரியவில்லை. விறகுத் தொட்டி எங்கே இருந்தது என்று இடம் சொல்லத் தெரிகிறவருக்குப் பழைய ஞாபகம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதை மட்டும் வைத்து ஞாபகக் கோளாறு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

வாரத்தில் இரண்டு நாளாவது நாலு மணிக்கு நீங்களோ பேரப்பிள்ளையோ பக்கத்தில் உட்காருங்கள். ரிமோட் பேரன் கையில் இருக்கட்டும். தாத்தா ‘நிறுத்து’ என்றால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவர் சொல்வதை போனில் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். அந்த லெண்டிங் லைப்ரரியில் புத்தகத்துக்கு என்ன வாடகை, திருப்பித் தர நாளானால் எவ்வளவு பிடித்தார்கள் என்றெல்லாம் கேட்டால் மனிதர் உற்சாகமாகிவிடுவார். கேட்க ஆள் இருந்தால் டி.வி.யோடு பேசுவது தானாகக் குறையும்.

கோபமாக எழுதுவது பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கேமராக்காரப் பையன் ரோட்டைத் தோண்டவில்லை. கால் வலிக்க நடந்து உங்கள் மாமாவை ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறான். ‘நாசமாக்கிவிட்டார்கள்’ என்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ‘எட்டாவது நிமிஷத்தில் வரும் மருந்துக் கடை இருக்கிற இடத்தில் அந்தக் காலத்தில் ஒரு விறகுத் தொட்டி இருந்தது, மழைக்காலத்தில் ஈரக்கட்டைதான் கிடைக்கும்’ என்பதை உங்கள் மாமாவால்தான் எழுத முடியும். எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். நாலு நாளில் எங்கிருந்தோ ஒருவர், ‘சார், அந்தத் தொட்டிக்காரர் என் தாத்தா’ என்று பதில் போட்டாலும் போடுவார். நான் பள்ளத்தைப் பற்றி எழுதப்போய், மூன்றாம் வீட்டுப் பெண் எனக்குத் திரும்பக் கிடைத்தாள்.

நேரில் கூட்டிக்கொண்டு போகலாமா என்றால், தாராளமாகப் போங்கள். வேதனையாக இருக்கும்தான். ஆனால் வீடியோவில் பார்த்துவிட்டதால் அதிர்ச்சி பாதி போய்விட்டது. வேலைநாள் காலையாகப் பாருங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி நாட்கள் வேண்டவே வேண்டாம். மழை பெய்திருந்தால் துரைசாமி சப்வே பக்கம் போகாதீர்கள், இதை மாமாவே சொல்வார். முதலிலேயே பழைய தெருவுக்குப் போக வேண்டாம். பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கி உட்கார இடமும் போட்டிருக்கிறார்கள். அங்கே கொஞ்ச நேரம் உட்காரட்டும், சுற்றிலும் பார்த்துத் திட்டட்டும். அப்புறம் காபி. அதற்குப் பிறகு மேற்கு மாம்பலம் போவதா, திரும்புவதா என்று அவரே முடிவு செய்யட்டும். தெருமுனை வரை போய் ‘போதும், வண்டியைத் திருப்பு’ என்றால் மறுபேச்சில்லாமல் திருப்பிவிடுங்கள். வண்டியை உங்கள் கணவரே ஓட்டட்டும், டிரைவர் வேண்டாம். தணிகாசலம் ரோட்டில் பல அடுக்கு பார்க்கிங் இருக்கிறது, காரை அங்கே விட்டுவிட்டால் பாண்டி பஜார் பக்கத்திலேயேதான்.