குலுக்கினால் ஓடும் வாட்ச்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

அப்பா சிங்கப்பூரில் வாங்கிய சீக்கோ 5 ஆட்டோமேட்டிக், பின்மூடியில் 7எஸ்26 என்று இருக்கிறது. இரவில் கழற்றி வைத்தால் காலையில் நின்றுகிடக்கிறது. எவ்வளவு திருகினாலும் சாவி ஏறவில்லை. சாவி போய்விட்டதா?
- வாசகர், ராமநாதபுரம்

சாவி நன்றாகத்தான் இருக்கும். 7எஸ்26 மிஷினில் கையால் திருகி ஸ்பிரிங்கை ஏற்றும் வசதியே கிடையாது. உள்ளே இருக்கும் ரோட்டார் என்ற அரைவட்ட எடைத் தகடு உங்கள் கையசைவில் சுழன்று ஏற்றினால்தான் உண்டு. நின்ற வாட்சை டயல் மேலே பார்க்க வைத்துக்கொண்டு அரை நிமிடம் பக்கவாட்டில் ஆட்டினால் ஓடத் தொடங்கும். ஆனால் ஸ்பிரிங் முழுக்க ஏற அது போதாது.

கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை. இரண்டு நாள், காலையிலிருந்து இரவு வரை கட்டுங்கள். பிறகு கழற்றி வைத்து, எத்தனை மணி நேரத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முழுதாக ஏறிய மிஷின் 40 மணி நேரம் அளவுக்கு ஓட வேண்டும். 35-ஐத் தாண்டினால் குறை வாட்சில் இல்லை. மேசை முன்னால் உட்கார்ந்தே இருக்கும் கைக்கு ரோட்டார் சரியாகச் சுழலாது. 20-க்குக் கீழே வந்தால் சர்வீஸ்தான்.

என்ன ஆகியிருக்கும்? ஆட்டோமேட்டிக்கில் மெயின் ஸ்பிரிங்கின் வெளி முனை, அது அடங்கியிருக்கும் வட்டப் பெட்டியான பேரலோடு பிணைக்கப்பட்டிருக்காது. முழுதாக ஏறியதும் பேரல் சுவரில் வழுக்கிக்கொள்ளும், அதனால்தான் அளவுக்கு மீறி ஏறி அறுவதில்லை. அந்தச் சுவரில் பிடிமானத்துக்கென்று தனி கிரீஸ் உண்டு. அது காய்ந்துவிட்டால், அல்லது யாராவது சாதாரண எண்ணெயைத் தடவியிருந்தால், பாதி ஏறும்போதே ஸ்பிரிங் வழுக்கிவிடும். இரண்டாவது சந்தேகம், ரோட்டார் சுழற்சியை ஸ்பிரிங் ஏறும் பக்கம் கொண்டுபோகும் சீக்கோவின் 'மேஜிக் லீவர்'. ரோட்டார் எந்தப் பக்கம் சுழன்றாலும் இதன் இரு கைகளில் ஒன்று பல்சக்கரத்தைத் தள்ளும், மற்றது இழுக்கும். கெட்டி எண்ணெய் பட்டால் இந்தக் கைகள் ஒட்டிக்கொண்டு பல்லைப் பிடிக்காமல் விட்டுவிடும்.

மூடியைத் திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். மிஷினை முழுதாகப் பிரித்து, கழுவி, இடத்துக்கு இடம் வேறு எண்ணெய் வைக்க வேண்டும். 7எஸ்26-இல் பேரலை ஸ்பிரிங்கோடு சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. பின்மூடி வாஷரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது, டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் 'லிஃப்ட் ஆங்கிள்' என்ற அமைப்பை 53 டிகிரி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முழுதாக ஏறிய நிலையில், டயல் மேலே பார்க்க, ஆம்ப்ளிட்யூட் (முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் ஆட்டக் கோணம்) 250 டிகிரியை ஒட்டி வந்தால் வேலை சுத்தம். 200-க்குக் கீழே என்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நேற்று வரை சரியாக ஓடிய ஆட்டோமேட்டிக், இன்று மணிக்கு ஒரு நிமிடம் வேகம்!
- வாசகி, திருச்சி

காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர், டேப்லெட் உறையின் மூடி, கைப்பை பட்டன் எல்லாவற்றிலும் காந்தம் இருக்கிறது. பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டுவிக்கும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் அதன் நீளம் குறைந்ததுபோல் ஆகி, பேலன்ஸ் வேகமாக ஆடும். திசைகாட்டியை வாட்ச் அருகே கொண்டுபோங்கள். முள் திரும்பினால் சந்தேகமில்லை. காந்தத்தை நீக்கும் டீமேக்னடைசரின் பட்டனை அழுத்தியபடியே வாட்சை மெதுவாகக் கை நீட்டும் தூரம் வரை விலக்கி, அதன் பிறகே பட்டனை விட வேண்டும். பக்கத்திலேயே விட்டால் காந்தம் இன்னும் ஏறும். திசைகாட்டி அசையாவிட்டால், அடிபட்டு ஹேர் ஸ்பிரிங் கோணியிருக்கலாம்.

'5' என்றால் என்ன? 21 ஜுவல் என்றால் விலை மதிப்பா?
- வாசகர், காரைக்குடி

சீக்கோவை நிறுவிய கின்டாரோ ஹட்டோரி டோக்கியோவில் கடை தொடங்கியது 1881-இல். அவருடைய செய்கோஷா தொழிற்சாலை 1892-இல். ஜப்பானின் முதல் கைக்கடிகாரமான 'லாரல்' 1913-இல். மேஜிக் லீவர் 1959-இல் வந்தது. 1963-இல் 'ஸ்போர்ட்ஸ்மேட்டிக் 5' வெளியானபோது ஐந்து வசதிகளைச் சொல்லி விற்றார்கள்: தானே ஏறுவது, ஒரே சாளரத்தில் கிழமையும் தேதியும், நீர் தாங்குவது, 4 மணி இடத்தில் உள்ளடங்கிய சாவி, உறுதியான கேஸும் செயினும். 1969 டிசம்பரில் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்ட அதே நிறுவனம், இந்த வரிசையை இன்றும் கைவிடவில்லை. 2019-இல் வந்த புதிய '5 ஸ்போர்ட்ஸ்' வரிசையில் 4ஆர்36 மிஷின். அதில் சாவியைத் திருகி ஏற்றலாம், சாவியை இழுத்தால் விநாடி முள்ளும் நிற்கும். அதற்கே நிறுவனம் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 45 விநாடி வேகம் முதல் 35 விநாடி தாமதம் வரை! குவார்ட்ஸ் கணக்கில் பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

ஜுவல் என்பது அச்சு தேயாமலிருக்கப் பதிக்கும் செயற்கை மாணிக்கக்கல். நகைக்கடையில் அதற்குக் காசு தரமாட்டார்கள்.

துபாயில் வாங்கியது. கிழமை அரபியில் வருகிறது. இரவில் மாற்றினால் சிக்குகிறது.
- வாசகர், நாகூர்

கிழமைத் தட்டில் இரண்டு மொழியும் மாறி மாறி இருக்கும். இன்னும் ஒரு படி திருப்புங்கள், ஆங்கிலம் வந்துவிடும். இரவு 9 முதல் அதிகாலை 4 வரை தேதி, கிழமையைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில் மாற்றும் பல் தட்டோடு கோத்திருக்கும், வலிந்து திருப்பினால் உடையும். முதலில் முள்ளை 6-க்குக் கொண்டுவந்துவிட்டு மாற்றுங்கள்.

ஆன்லைனில் 'வின்டேஜ் சீக்கோ 5' 2,000 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?
- வாசகர், மதுரை

பளபள ஆரஞ்சு, பச்சை டயல் என்றால் பெரும்பாலும் மறுபடி பெயின்ட் அடித்தது. 6 மணிக்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். எழுத்து மொத்தையாக இருந்தாலோ, அங்குள்ள மிஷின் எண் பின்மூடி எண்ணோடு ஒத்துப்போகாவிட்டாலோ விட்டுவிடுங்கள். பின்மூடி வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம்: 1 முதல் 9, பிறகு அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. 7என் என்று தொடங்கினால் 7-இல் முடியும் ஓர் ஆண்டின் நவம்பர். 7எஸ்26 வந்ததே 1996-இல். அந்த மிஷினைப் போட்டு '1970 மாடல்' என்று விற்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.