ஸ்பாரிங்கில் உங்கள் கைவந்த அடி எது? கேள்வி பதில்

கராத்தேயில் தொடங்கி, பிறகு கிக்பாக்ஸிங், நடுவில் கொஞ்சம் ஜூடோ என்று இருபது வருடத்துக்கு மேல் ஸ்பாரிங், அதாவது ஜோடியாகச் செய்யும் பயிற்சிச் சண்டை, செய்து வருகிறேன். எந்த அடியை நம்பி இறங்குவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: மாஸ்டர், முதலில் உங்களுடையதைச் சொல்லுங்கள். எந்த அடி உங்களுக்குக் கைகொடுக்கிறது?

முன்காலால் நேராகப் போடும் உதை. கராத்தேயில் மே கேரி என்போம். தாய்லாந்தின் முய்தாயில் டீப் என்று இதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு. பெல்ட் முடிச்சுக்கு நாலு விரல் மேலே குறி வைப்பேன். கால்விரல்களை மேலே மடக்கி, அவற்றுக்கு அடியில் இருக்கும் சதைப்பற்றான பகுதியால் உதைக்க வேண்டும். விரல் நுனியில் பட்டால் வலி நமக்குத்தான்.

இந்த உதையால் யாரும் சுருண்டு விழப்போவதில்லை. ஆனால் வயிற்றில் பட்ட அந்தக் கணம் எதிராளியைக் கவனித்துப் பாருங்கள்: இரண்டு முழங்கையும் கொஞ்சம் இறங்கும், முகவாய் தானாக முன்னே வரும். எனக்கு வேண்டியது அதுதான். உதைத்த காலைப் பின்னால் இழுக்காமல் அப்படியே முன்னால் இறக்கி, பின்னால் இருக்கும் கையால் நேர்க்குத்து, அதாவது கியாகு சுக்கி. கால் தரையைத் தொடுவதும் குத்து போய்ச் சேருவதும் ஒன்றாக நடக்க வேண்டும். ஊன்றி நின்று நிதானமாகக் குத்தினால், அதற்குள் அவர் கார்டு, அதாவது முகத்தைக் காக்கும் கைகள், மேலே போயிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. உதைக்கும்போது அந்தப் பக்கத்துக் கை தன்னையறியாமல் தொடைப் பக்கம் இறங்கும். எனக்கும் வருடக்கணக்கில் இறங்கியது. ஒருவர் என் உதையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் திறந்து கிடந்த கன்னத்தில் வைத்தார். அன்றைக்குத்தான் திருத்திக்கொண்டேன். இப்போதும் உதை பயிற்சியில் அந்தப் பக்கத்துக் கையால் என் காதோரத்தைத் தொட்டபடிதான் உதைக்கிறேன்.

கேள்வி: எனக்கு இருப்பதே ஒரு அடிதான் அண்ணா. கூடப் பயிற்சி செய்பவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. இனி வேறு பழகட்டுமா?

வேண்டாம் தம்பி, அதை விடாதீர்கள். ஜூடோவில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது: தொக்குய் வாசா, ஒருவருக்குக் கைவந்த வீச்சு. ஜப்பானிய ஜூடோ வீரர் கோசேய் இனோவேயின் வீச்சு உச்சிமாத்தா (எதிராளியின் உள்தொடையைக் காலால் தூக்கி வீசுவது) என்பது ஜூடோ உலகத்துக்கே தெரியும். அவரோடு மோதியவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? 2000 சிட்னி ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அதே உச்சிமாத்தாவில்தான் தங்கம் வாங்கினார்.

அமெரிக்கக் கராத்தே வீரர் பில் வாலஸ் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1966-ல் ஜூடோ பயிற்சியில் அவருடைய வலது முழங்கால் கெட்டுப்போனது. அதன்பின் ஏறக்குறைய எல்லா உதையும் இடது காலில்தான். எந்தக் கால் வரும் என்று எதிராளிக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் முழு பலத்தில் அடிக்கும் ஃபுல் காண்டாக்ட் கராத்தேயில் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றார். காரணம், எந்த உதைக்கும் அவர் முழங்காலைத் தூக்கும் விதம் ஒரே மாதிரிதான். அங்கிருந்து பக்க உதை, சுற்று உதை, கொக்கி உதை மூன்றில் எது கிளம்பும் என்று கடைசி வரை தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். உங்கள் அடி எப்படித் தொடங்குகிறதோ அதே மாதிரி தொடங்கி, வேறு இடத்தில் முடியும் இரண்டாவது அடி ஒன்றைப் பழகுங்கள். என் முன்னுதையைத் தடுக்கக் கை இறங்குகிறது என்று தெரிந்தால், அதே முழங்காலைத் தூக்கி, இடுப்பைத் திருப்பித் தலைக்குச் சுற்று உதை போடுவேன். அப்புறம் அவர் இரண்டையும் யோசிக்க வேண்டியிருக்கும். அவர் யோசிக்கும் நேரம்தான் நமக்குக் கிடைக்கும் நேரம்.

கேள்வி: நான் குள்ளம். உயரமானவர்கள் தூரத்திலிருந்தே அடித்துவிடுகிறார்கள். எனக்கு ஏற்றது எது?

உயரமானவரின் அடி முழு வேகத்தில் படும் இடம் கை கால் நீளும் கடைசித் தூரம்தான். அந்த இடத்தில் நிற்பதுதான் ஆபத்து. ஒன்று அதற்கு வெளியே இருங்கள், இல்லையென்றால் நன்றாக உள்ளே போய்விடுங்கள். அவர் ஜாப் (முன்னால் இருக்கும் கையால் வேகமாகப் போடும் நேர்க்குத்து) போட்டுக் கையை இழுக்கும்போது அந்தக் கை கூடவே உள்ளே நுழையுங்கள். கை திரும்பிப் போகும் நேரத்தில் அவரால் அதே கையால் அடிக்க முடியாது. உள்ளே போனதும் தலையைத் தேடாதீர்கள், உடம்புக்கு இரண்டு மூன்று குத்து. பிறகு வந்த வழியே நேராகப் பின்வாங்காமல் பக்கவாட்டில் வெளியேறுங்கள். குள்ளமானவர்கள் அடி வாங்குவது பெரும்பாலும் நேராக வெளியே வரும்போதுதான்.

கேள்வி: எனக்கு வயது 44, பெண். போன வருடம்தான் சேர்ந்தேன். தலை உயரத்துக்குக் கால் போகவே போகாது. ஸ்பாரிங் எனக்குச் சரிவருமா?

தாராளமாக வரும் அம்மா. தலைக்கு உதைத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உங்களுக்கு நான் சொல்வது, முழங்காலை லேசாக மடக்கித் தாழ்ந்து, வயிற்றுக்குப் போடும் ஜாப். தலையும் சேர்ந்து கீழே போவதால் எதிராளியின் குத்து மேலே கடந்துவிடும். இரண்டு முறை வயிற்றுக்குப் போட்டால், மூன்றாவது முறை நீங்கள் தாழ்ந்தவுடனே அவர் கை கீழே வரும். அப்போது மேலே குத்துங்கள். கண் மட்டும் தரையைப் பார்க்கக் கூடாது; தாழும்போதும் அவர் மார்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கேள்வி: இடதுகைக்காரரிடம் மட்டும் என்னுடைய எதுவும் படுவதில்லை. என்ன செய்ய?

முதலில் காலைப் பாருங்கள். அவர் வலது காலை முன்னால் வைத்திருப்பார், நீங்கள் இடது காலை. இரண்டு முன்பாதமும் முட்டிக்கொள்ளும். உங்கள் பாதம் அவர் பாதத்துக்கு வெளிப்பக்கம் இருந்தால் உங்கள் வலது கைக்கு நேர்வழி திறக்கும். அந்த இடத்துக்கான சண்டைதான் பாதி ஆட்டம். ஜாப்பை அங்கே நம்ப முடியாது, இருவரின் முன்பக்கக் கைகளும் ஒன்றை ஒன்று மறித்துக்கொண்டே இருக்கும். பின்கை நேர்க்குத்தும், பின்காலால் உடம்புக்குப் போடும் சுற்று உதையும்தான் அங்கே பேசும். அவருக்கும் இதெல்லாம் தெரியும், உங்களைவிட அதிகப் பழக்கமும் இருக்கும். நாம் அவரைப் போன்றவர்களை எப்போதாவதுதான் சந்திக்கிறோம், அவரோ நம்மைப் போன்றவர்களோடு தினமும் மோதுகிறார்.

கேள்வி: சுழன்று போடும் உதைகளைப் பழகலாமா?

பழகலாம். டேக்வாண்டோ போட்டியில் உடம்புக்கு உதைத்தால் 2 புள்ளி, அதையே சுழன்று போட்டால் 4. ஆனால் சுழலும் உதைகளில் பின்னுதை (முதுகைத் திருப்பிக் குதிகாலால் பின்னோக்கிப் போடுவது) ஒன்றைத்தான் நான் நம்புவேன். அது நேர்கோட்டில் போகிறது, எதிராளி பாய்ந்து வரும்போது தானே வந்து மோதிக்கொள்கிறார். சும்மா நிற்பவரிடம் போட்டால் முதுகைக் காட்டிவிட்டு நிற்போம்.

கேள்வி: பயிற்சியில் எல்லாம் நன்றாக வருகிறது. ஸ்பாரிங் தொடங்கியதும் கை கால் ஓடவில்லை. ஒரு அடிகூட ஞாபகம் வருவதில்லை.

இந்தக் கேள்விதான் நிறைய வந்தது. கேட்டவர்கள் யாரும் வெட்கப்பட வேண்டாம். ஜோடி கையில் பிடிக்கும் மெத்தையான பேடில் அடிக்கும்போது பேட் உங்களைத் திருப்பி அடிப்பதில்லை, நகர்வதும் இல்லை. அங்கே உங்கள் உடம்பு அடியைக் கற்றது, எப்போது அடிப்பது என்பதைக் கற்கவில்லை.

என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி இது. இரண்டு நிமிடச் சுற்று. ஒருவருக்கு ஜாப் மட்டும்தான் அனுமதி, அதுவும் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு. மற்றவர் நீங்கள்; உங்கள் கைவந்த அடி ஒன்றை மட்டும் போடலாம், அதுவும் அந்த ஜாப்புக்குப் பதிலாக மட்டும். முதல் வாரம் பத்துக்கு ஒன்றுதான் படும். மூன்றாவது நான்காவது வாரத்தில் ஒரு மாற்றம் தெரியும்: ஜாப் கிளம்பும் முன்பே அவர் தோள் அசைவது உங்கள் கண்ணுக்குப் படத் தொடங்கும். அப்போது இரண்டு ஆயுதம் அனுமதியுங்கள், பிறகு மூன்று. மூச்சையும் கவனியுங்கள். உறைந்து நிற்பவர்களில் பெரும்பாலானோர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் மூக்கால் "ஸ்" என்று விடுங்கள்.

கேள்வி: வலது விலாவுக்குக் கீழே மெதுவாகத்தான் பட்டது. ஒரு நொடி ஒன்றுமில்லை, அப்புறம் எழுந்திருக்கவே முடியவில்லை. ஏன்?

அங்கே இருப்பது கல்லீரல். அடி பட்டதும் கொஞ்சம் தாமதித்துத்தான் உடம்பு விட்டுக்கொடுக்கும், மனவுறுதியால் தாங்க முடியாது. வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள். வலி நாள் முழுக்க இருந்தாலோ தலைசுற்றினாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் ஜோடி எப்போதும் முழு பலத்தில் அடிக்கிறார். நானும் திருப்பி அடிக்கட்டுமா?

வேண்டாம். கையைத் தூக்கி நிறுத்தி, "கொஞ்சம் குறைத்துக்கொள்வோமா?" என்று கேளுங்கள். பலர் தெரியாமல்தான் பலமாக அடிக்கிறார்கள், சொன்னதும் குறைத்துக்கொள்வார்கள். இரண்டாவது முறையும் கேட்கவில்லையென்றால் மாஸ்டரிடம் சொல்லி ஜோடியை மாற்றிக்கொள்ளுங்கள். பயந்து கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் நூறு அடியில் நீங்கள் எதையும் கற்க மாட்டீர்கள். நிதானமாக ஆடும் ஒருவரோடு பத்துச் சுற்று ஆடினால், உங்கள் அடியை அறுபது எழுபது தடவை முயன்று பார்க்க இடம் கிடைக்கும். அப்படிப்பட்ட ஜோடி கிடைத்தால் விடாதீர்கள், அவர் கேட்கும்போதெல்லாம் நீங்களும் பேட் பிடித்துக் கொடுங்கள்.