பிரிந்துபோன ராக் இசைக்குழு ஏதாவது மறுபடி சேர்ந்து, பழையபடி ஜெயித்ததுண்டா?

உண்டு, அமெரிக்காவின் ஈகிள்ஸ். சென்னை ரிச்சி தெருவில் ஸ்பீக்கர் வாங்கப் போயிருந்தால் நீங்களே அவர்களைக் கேட்டிருப்பீர்கள்.

நான் போன கடையில் சிடியைப் போட்டார்கள். கிட்டாரில் நிதானமாக ஒரு ஸ்பானிய மெட்டு. பிறகு ‘தும்... தும்’ என்று தாளம். மேசையில் இருந்த டீ கிளாஸ் அதிர்ந்தது. கிட்டார் தெரிந்த மெட்டுக்குத் திரும்பியதும் சிடியில் ரசிகர் கூட்டத்தின் ஆரவாரம். “ஸ்பீக்கரோட பாஸ் எப்படி சார்?” என்றார் கடைக்காரர்.

ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’. ஆனால் 1976-இல் வந்த அசல் அல்ல. 14 வருஷம் கழித்து ஒன்றுகூடி, 1994-இல் எம்டிவி நிகழ்ச்சிக்காக வாசித்தது.

பிரிந்த கதையே ஒரு கூத்து. 1980 ஜூலை, கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் செனட்டர் ஆலன் கிரான்ஸ்டனுக்கு நிதி திரட்டும் கச்சேரி. குழுவின் கிட்டார்காரர்கள் க்ளென் ஃப்ரேயும் டான் ஃபெல்டரும் ‘இன்னும் மூணு பாட்டுதான், அப்புறம் இருக்கு உனக்கு’ என்கிற ரீதியில் மேடையிலேயே மிரட்டிக்கொண்டு வாசித்தார்கள். அதற்குப் பிறகு வந்த லைவ் ஆல்பத்தை அமெரிக்காவின் இரு கரைகளில் தனித்தனியாக உட்கார்ந்து, டேப்புகளைக் கூரியரில் அனுப்பித்தான் முடித்தார்கள். மறுபடி எப்போது சேர்வீர்கள் என்றால், நரகம் பனியாக உறையும்போது என்பது குழுவின் டிரம்மரும் பாடகருமான டான் ஹென்லியின் பதில். நம்மூரில் காக்கா வெள்ளையானால் என்போமே, அது மாதிரி. 1994-இல் வந்த ஆல்பத்துக்கு அந்தப் பதிலையே பெயராக வைத்தார்கள்: ‘ஹெல் ஃப்ரீசஸ் ஓவர்’.

சேர்த்துவைத்தது ஒரு வீடியோ. 1993-இல் கன்ட்ரி எனும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடகர்கள் ஈகிள்ஸ் பாடல்களைப் பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். அதில் பாடிய டிராவிஸ் டிரிட், தன் வீடியோவில் பழைய குழுவே வந்து நிற்க வேண்டும் என்றார். வந்தார்கள். மறுவருஷம் சுற்றுப்பயணம். டிக்கெட் விலை 100 டாலரைத் தாண்டியது. அன்றைக்கு ராக் கச்சேரிக்கு அது அநியாய விலை. முணுமுணுத்தாலும் ஜனம் போனது. ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்ட் தரவரிசைப் பட்டியலில் முதலிடம்.

ஏன் ஜெயித்தார்கள்? என் கணிப்பில், குழு கலைந்தாலும் பாடல்கள் ரேடியோவை விட்டுப் போகவே இல்லை. 1980-இல் பள்ளிக்கூடத்தில் இருந்த பையன்கள் 1994-இல் சம்பளக்காரர்கள். புதுச் சரக்கால் வந்த வெற்றி என்று சொல்ல மாட்டேன். அந்த ஆல்பத்தின் நான்கு புதுப் பாடல்களில் நான் திரும்பக் கேட்பது குழுவின் பாஸ் கிட்டார்காரர் டிமோதி ஷ்மிட் பாடிய ‘லவ் வில் கீப் அஸ் அலைவ்’ ஒன்றுதான்.

சரி, மனசும் சேர்ந்ததா? இல்லை. 2001-இல் ஃபெல்டரை நீக்கினார்கள், அவர் நீதிமன்றம் போனார். ஃப்ரே 2016-இல் இறந்த பிறகு அவர் மகன் டீக்கன் வந்து பாடினார். குழு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்பீக்கர் கடைகளில் இன்றும் ஒலிக்கும் அந்த ஸ்பானிய மெட்டை வாசிப்பவர் மட்டும், நீக்கப்பட்ட அதே ஃபெல்டர்.